மோட்டார் போட்டால் உறையும் வீடியோ கால்

மூன்று வாரம் ஊரில் இருந்துவிட்டு வந்தேன். எழுத உட்கார்ந்தால் அப்பா வீட்டு பிராட்பேண்ட் லைன்தான் முதலில் ஞாபகத்துக்கு வருகிறது.

பழைய செம்புக் கம்பி, ஏடிஎஸ்எல்: அதாவது டெலிபோன் கம்பியிலேயே வரும் இன்டர்நெட். வேகத்தில் குறையே இல்லை. ஆனால் தண்ணீர் மோட்டார் ஓடுகிற நேரம் முழுக்க என் ஆபீஸ் வீடியோ கால் உறைந்து உறைந்து வரும். கஸ்டமர் கேருக்கு நாலு தடவை பேசினேன். நாலு தடவையும் ஒரே பதில்: "மோடத்தை ஆஃப் பண்ணிப் போடுங்க சார். ஸ்பீட் கரெக்டா இருக்கே." ஸ்பீடைப் பற்றி நான் கேட்கவே இல்லை! வீட்டுக்குள்ளேயே ஃபைபர் வரும் நாட்டில் பத்து வருஷம் இருந்தவனுக்கு இது பொறுக்கவில்லை.

ஐந்தாம் நாள் லைன்மேன் வந்தார். பெரியவர். மோடத்தின் செட்டிங்ஸ் பக்கத்தை பிரவுசரில் திறந்து, "தம்பி, மோட்டாரைப் போடச் சொல்லுங்க" என்றார். அம்மா சுவிட்சைப் போட்டதும் சிஆர்சி பிழை எண் (கெட்டுப்போய் வந்த தகவலின் கணக்கு) 212-லிருந்து 260-க்குத் தாவியது. சின்ன வயதில் ரிசீவரில் கரகரவென்று கேட்குமே, அதே இரைச்சல்தான் இப்போது பைட்டுகளைத் தின்கிறது.

வாசல் கம்பத்தில் பச்சை பூத்த ஜாயின்ட்டை வெட்டிப் புதிதாக முறுக்கினார். பிறகு எக்சேஞ்சுக்குப் போன் போட்டு, "ஃபாஸ்ட்ல இருக்கு, இன்டர்லீவ்ல மாத்திக் குடுங்க" என்றார். இந்த ஒரு வாக்கியத்தை வெளிநாட்டில்கூட யாரும் எனக்குச் சொன்னதில்லை.

லைனில் தகவல் அதிகபட்சம் 255 பைட் கொண்ட தொகுதிகளாகப் போகிறது. அதில் 16 பைட் திருத்தத்துக்கு என்றால், 8 பைட் கெட்டாலும் மோடமே சரிசெய்துகொள்ளும். ரீட், சாலமன் என்ற இரண்டு கணித அறிஞர்கள் 1960-ல் கொடுத்த கணக்கு இது. ஆனால் மோட்டாரின் தீப்பொறி ஒரே அடியில் நூறு பைட்டைக் கெடுத்தால் அந்தத் தொகுதி போச்சு. கலைக்காமல் அப்படியே அனுப்புவதுதான் ஃபாஸ்ட். இன்டர்லீவ் என்பது பல தொகுதிகளின் பைட்டுகளைக் கலைத்து அனுப்புவது; அப்போது அதே அடி பிரிந்து விழும். தொகுதிக்கு இரண்டு மூன்று பைட்தான் கெடும், திருத்திவிடலாம். கலைத்ததை மறுபடி அடுக்க மோடம் காத்திருக்க வேண்டும். அதற்குக் கொடுக்கும் விலைதான் தாமதம்.

எங்கள் பிங், அதாவது தகவல் போய்த் திரும்பும் நேரம், 18-லிருந்து 41 மில்லிசெகண்ட் ஆனது. பேச்சுக்கு இது ஒன்றுமே இல்லை. ஒரு திசையில் 150 வரை காது தாங்கும். அன்று மாலை மோட்டார் ஓட ஓட ஒரு மணிநேரம் பேசினேன், ஒரு சொல் விழவில்லை. ஆன்லைன் கேம் ஆடும் அக்கா மகனுக்குத்தான் முகம் சுண்டிப்போனது. அவனுக்கு ஒவ்வொரு மில்லிசெகண்டும் கணக்கு. எது வேண்டும் என்று லைன் கொடுக்கும்போதே வீட்டுக்காரர்களைக் கேட்டிருக்கலாம்.

கெட்ட பகுதியை மட்டும் லைனிலேயே திருப்பி அனுப்பும் முறைக்கு ஐடியூ என்ற சர்வதேசத் தொலைத்தொடர்பு அமைப்பு 2010-லேயே தரம் வகுத்துவிட்டது. அது இருந்தால் எனக்கும் அவனுக்கும் ஒரே லைன் போதும். "நம்ம எக்சேஞ்ச் கார்டுல அது கிடையாது தம்பி" என்றார் பெரியவர். அடுத்த லீவில் போய் இறங்கியதும் நான் கேட்கப்போவது அந்தக் கார்டைப் பற்றித்தான்.