அரிசிக்கும் சோற்றுக்கும் வித்தியாசம் தெரியாத கலோரி ஆப்: பணம் கட்டும் முன் இதைப் படித்துவிடுங்கள்

கலோரி எண்ணும் ஆப் ஒன்றுக்கு நான்கு மாதத்துக்குள் என் கணக்கிலிருந்து 6,786 ரூபாய் போனது. அதில் 2,499 மட்டும் திரும்பி வந்தது. பணத்தைவிட உடம்புக்கு வந்த கேடுதான் பெரிது. ஆப்பின் பெயரை எழுதவில்லை. இந்த ஒன்றைத் தவிர்த்துவிட்டு இதே மாதிரி இன்னொன்றில் போய் மாட்டிக்கொண்டால் என்ன பயன்? நடந்ததை முழுதாகச் சொல்கிறேன், உங்கள் போனில் இருப்பதோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

எனக்கு 36 வயது, உயரம் 158 செ.மீ., அப்போது எடை 74 கிலோ. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கணக்கு எழுதும் வேலை, நாள் முழுக்க உட்கார்ந்தே இருக்க வேண்டும். முழங்கால் வலி ஆரம்பித்ததும் எடையைக் குறைத்தே ஆக வேண்டும் என்று இந்த ஆப்பைப் போட்டேன். வயது, உயரம், எடை எல்லாம் கேட்டது. வாரத்துக்கு எவ்வளவு குறைய வேண்டும் என்று கேட்டபோது ஒரு கிலோ என்று அழுத்தினேன். ஒரு நாளைக்கு 1,200 கலோரி, 12 வாரத்தில் 62 கிலோ என்று தேதியோடு காட்டியது.

ஏழு நாள் இலவசம் என்றார்கள். ஆனால் அந்த இலவசத்துக்கே யூபிஐ ஆட்டோபே, அதாவது கணக்கிலிருந்து பணத்தைத் தானாக எடுத்துக்கொள்ளும் அனுமதி, போடச் சொன்னது. சரிபார்ப்புக்கு 1 ரூபாய் என்று பெரிய எழுத்தில் இருந்ததால் பின் நம்பரை அடித்துவிட்டேன். அதே திரையில், அதிகபட்சம் 5,000 ரூபாய் வரை எடுத்துக்கொள்ள அனுமதி என்றும் ஒரு வரி இருந்தது. அது கண்ணில் படவில்லை. எட்டாம் நாள் 1,788 ரூபாய் போனது. மாதம் 149 என்றுதான் விளம்பரத்தில் பார்த்திருந்தேன். 12 மாதத்தையும் சேர்த்து ஒரே தடவையில் எடுப்போம் என்பது சாம்பல் நிறத்தில், பொடி எழுத்தில், பொத்தானுக்குக் கீழே இருந்தது. சரி, பணம் போய்விட்டது, ஒழுங்காகப் பயன்படுத்துவோம் என்று நினைத்தேன். மூன்றாம் வாரத்தில் ‘உங்களுக்கே உங்களுக்கென்று ஒரு டயட்டீஷியன்’ என்று இன்னொரு திட்டம் வந்தது. மூன்று மாதத்துக்கு 2,499. அதற்கும் சேர்ந்தேன்.

நான் எந்த வேலையையும் அரைகுறையாகச் செய்கிறவள் இல்லை. சமையலறைத் தராசு ஒன்று வாங்கி, தட்டில் விழும் எல்லாவற்றையும் எடை போட்டேன். மதியம் 150 கிராம் சோறு, ராத்திரி 100 கிராம். ஆப்பில் ‘ரைஸ்’ என்று தேடினால் முதலில் வருவது 100 கிராமுக்கு 356 கலோரி. அதைத்தான் தினமும் பதிந்தேன். சோற்றிலேயே 890 போய்விடும். மிச்சமிருக்கும் 310-க்குள் இட்லி, சாம்பார், பொரியல், டீ எல்லாம் அடங்க வேண்டும். அதனால் முட்டையை நிறுத்தினேன், பருப்பை நிறுத்தினேன், ராத்திரிப் பாலையும் நிறுத்தினேன். அம்மா தினமும் சண்டை போட்டார். “அளந்து சாப்பிடறது சரி, பசிச்சுப் படுக்கறது எந்த ஊர் வைத்தியம்?” என்று கேட்டார். நான் போனைக் காட்டினேன். பச்சை வட்டம் முழுதாக இருந்தது.

ஆறாவது வாரத்தில் மாடிப்படி ஏறினால் கண் இருட்டியது. மாதவிலக்கு தள்ளிப்போனது. ஆப்பிலிருந்த டயட்டீஷியனுக்கு எழுதினேன். ‘அருமை! உடம்பிலுள்ள நச்சு வெளியேறும்போது இப்படித்தான் இருக்கும். தண்ணீர் நிறையக் குடியுங்கள்’ என்று உடனே பதில் வந்தது. மறுவாரம் வேறு வார்த்தைகளில் திரும்பவும் கேட்டேன். எழுத்து மாறாமல் அதே பதில். அந்தப் பக்கம் ஆள் இருந்தாரா என்பதே எனக்கு இன்றுவரை தெரியாது. மயக்கம் வருகிறது என்று ஒருவர் சொல்லும்போது ‘டாக்டரைப் பாருங்கள்’ என்ற ஒரு வரியாவது வந்திருக்க வேண்டாமா? இன்றைக்கும் நினைத்தால் வயிறு எரிகிறது.

ஒன்பதாம் வாரம் ஆபீசில் மயங்கி விழுந்தேன். ரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் 9.1. முன்பே குறைவாக இருந்திருக்கும், இந்தப் பட்டினி அதை இன்னும் இறக்கிவிட்டது என்று டாக்டர் சொன்னார். அங்கேயே இருந்த ஒரு பெண் டயட்டீஷியனிடம் என்னை அனுப்பினார். அவர் கேட்ட முதல் கேள்வி, “சோத்தை எப்படிம்மா எடை போட்டீங்க? வேகறதுக்கு முன்னாடியா, வெந்த பிறகா?”

வெந்த பிறகுதான். 100 கிராம் வேகாத அரிசியில்தான் 350 கலோரிக்கு மேல் இருக்கிறது. அதே அரிசி வெந்து தண்ணீரை இழுத்துக்கொண்டு சோறானதும் எடை இரண்டரை, மூன்று மடங்காகும். 100 கிராம் சோற்றில் சுமார் 130 கலோரிதான். நான் 890 என்று பதிந்த 250 கிராம் சோற்றில் உண்மையில் இருந்தது 325. ஆப்பில் 1,200 என்று காட்டிய நாளில், தாளித்த எண்ணெயைச் சேர்த்துக் கணக்குப் போட்டாலும் நான் சாப்பிட்டது 750-ஐத் தாண்டாது. அப்படியே இரண்டு மாதம்.

நமக்கு அரிசி வேறு, சோறு வேறு. வயலில் நிற்கும்போது நெல், உமி நீங்கினால் அரிசி, வெந்தால் சோறு. சின்னக் குழந்தைகூடக் குழப்பிக்கொள்ளாது. அந்த ஆப் பொத்தான்களையெல்லாம் தமிழில் மாற்றியிருந்தது. உணவுப் பட்டியலில் மட்டும் ‘ரைஸ்’ என்ற ஒரே சொல்லை விட்டிருந்தது. ஹைதராபாத்தில் இருக்கும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017-இல் 528 இந்திய உணவுப் பொருள்களின் சத்து அட்டவணையை வெளியிட்டது. அதில் அரிசிக்கு எதிரே ‘பச்சையாக’ என்று தெளிவாக இருக்கிறது. எண்ணை எடுத்தவர்கள் அந்தச் சொல்லை விட்டுவிட்டார்கள் போல. இது போதாதென்று, பட்டியலில் யார் வேண்டுமானாலும் உணவைச் சேர்க்கலாம். ‘தோசை ஒன்று’ என்று தேடினால் 85-லிருந்து 210 வரை ஐந்தாறு விடை வரும். யார் போட்டது, எவ்வளவு மாவு, எத்தனை ஸ்பூன் எண்ணெய் என்று எதுவும் கிடையாது.

ஆஸ்பத்திரியில் பார்த்த அந்த டயட்டீஷியன் ஒரு தாளில் இன்னொரு கணக்கும் போட்டுக் காட்டினார். என் வயதுக்கும் எடைக்கும் வேலைக்கும் ஒரு நாளைக்குச் செலவாவது ஏறக்குறைய 1,650 கலோரி. ஒரு கிலோ கொழுப்பு என்பது சுமார் 7,700. வாரம் ஒரு கிலோ குறைய வேண்டுமென்றால் தினமும் 1,100 குறைத்துச் சாப்பிட வேண்டும், அதாவது வெறும் 550. 1,200 சாப்பிட்டால் வாரத்துக்கு அரைக் கிலோகூடக் குறையாது. அப்படியானால் ஆப் காட்டிய 12 வாரத் தேதியே பொய். எனக்கோ ஒன்பது வாரத்தில் எட்டு கிலோ குறைந்திருந்தது. ஆப் சொன்னபடியே நடக்கிறது என்று சந்தோஷப்பட்டேன். பட்டினி கிடந்ததால் குறைந்ததை ஆப்பின் திறமை என்று நம்பியிருக்கிறேன்.

அன்றே ஆப்பை அழித்தேன். விஷயம் அங்கே முடியவில்லை. மூன்றாம் மாதத்திலிருந்து முடி கொத்துக் கொத்தாக வந்தது. உடம்பைத் திடீரென்று பட்டினி போட்டால் இரண்டு மூன்று மாதம் கழித்து இப்படிக் கொட்டும் என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார். அந்தச் சமயத்தில்தான் இன்னொரு 2,499 போனது. ஆப்பை போனிலிருந்து எடுத்தால் சந்தா நிற்காது. டயட்டீஷியன் திட்டம் மூன்று மாதத்துக்கு ஒருமுறை தானாகப் புதுப்பித்துக்கொண்டிருக்கிறது. 15,000 ரூபாய் வரை ஆட்டோபேயில் ஒவ்வொரு முறையும் பின் நம்பர் கேட்காது. பணம் எடுப்பதற்கு 24 மணி நேரம் முன்பு தகவல் அனுப்ப வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. அனுப்பியும் இருக்கிறார்கள். ஆப்பின் பெயர் இல்லாமல் ஏதோ ஒரு கம்பெனி பெயரில் வந்த அந்தச் செய்தியை விளம்பரம் என்று தள்ளிவிட்டிருக்கிறேன்.

உங்கள் யூபிஐ ஆப்பில் ஆட்டோபே என்ற பகுதியைத் திறந்து பாருங்கள். யார் யாருக்கு அனுமதி கொடுத்திருக்கிறீர்கள், எவ்வளவு வரை என்று தெரியும். வேண்டாததை அங்கேயே ரத்து செய்யலாம், பின் நம்பர் கேட்கும், அவ்வளவுதான். பிளே ஸ்டோர் வழியாகக் கட்டியிருந்தால் அங்கே சந்தாக்கள் என்ற பகுதிக்குப் போய்த் தனியாக நிறுத்த வேண்டும்.

ஆப் கம்பெனிக்கு மூன்று மின்னஞ்சல் அனுப்பினேன். ‘விதிமுறைப்படி பணம் திரும்பாது’ என்ற ஒரே பதில். அப்புறம் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்தேன். இலவசம் என்று சொல்லி ஆட்டோபே கேட்பது, நிறுத்த விடாமல் சுற்றவிடுவது இதெல்லாம் ‘சந்தாப் பொறி’ என்று 2023 நவம்பரில் வந்த நுகர்வோர் பாதுகாப்பு வழிகாட்டுதல்களிலேயே இருக்கிறது. தடை செய்யப்பட்ட 13 தந்திரங்களில் அதுவும் ஒன்று. திரைப் படங்கள், கழித்த தேதிகள், ‘நச்சு வெளியேறுகிறது’ என்ற அந்த பதில் எல்லாவற்றையும் சேர்த்துக் கொடுத்தேன். மூன்று வாரத்தில் இரண்டாவது 2,499 திரும்ப வந்தது. முதல் 2,499-க்கும் 1,788-க்கும் ‘சேவையைப் பயன்படுத்திவிட்டீர்கள்’ என்று சொல்லிவிட்டார்கள். மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

இப்போது எடை 68. இரும்புச்சத்து மாத்திரை சாப்பிடுகிறேன், ஹீமோகுளோபின் 11.2-க்கு வந்திருக்கிறது. முட்டையும் பருப்பும் தட்டுக்குத் திரும்பிவிட்டன, சாயங்காலம் நாற்பது நிமிடம் நடக்கிறேன். தராசை அம்மா எடுத்து முறுக்கு மாவு அளக்க வைத்துக்கொண்டார். நீங்கள் இப்படி ஏதாவது ஆப்பில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தால், இன்றைக்கு ராத்திரி சோறு போடும் முன் அதில் ‘ரைஸ்’ என்று தேடி, 100 கிராமுக்கு எவ்வளவு காட்டுகிறது என்று ஒரு தடவை பாருங்கள். 350 என்றால் அது அரிசி.