கேன் காக்டெய்லும் சுட்ட உருளைக்கிழங்கும்: அட்டவணையில் விட்டுப்போன வரி

உருளைக்கிழங்கு என்றாலே மாவுப் பண்டம், உடம்பு போடும் என்று ஒதுக்குகிறவர்கள் பலர். கேன் காக்டெய்லைப் பற்றி அப்படி யாரும் கவலைப்படுவதாகத் தெரியவில்லை. அமெரிக்க வேளாண் துறையின் உணவுத் தரவுகளில் இரண்டுமே இருக்கின்றன: தோலோடு சுட்ட உருளைக்கிழங்கு, கேனில் அடைத்த டைக்கிரி (ரம், எலுமிச்சைச் சாறு, சர்க்கரை கலந்த மது காக்டெய்ல்). 100 கிராமுக்கு மாவுச்சத்து கிழங்கில் 21 கிராம், டைக்கிரியில் 15.7. புரதம் கிழங்கில் 2.5 கிராம், டைக்கிரியில் இல்லை. கொழுப்பு இரண்டிலும் இல்லை என்றே சொல்லலாம். அப்படியானால் கிழங்கில்தானே கலோரி கூடுதலாக இருக்க வேண்டும்? கிழங்கு 93, டைக்கிரி 125.

எங்கே இடிக்கிறது? மாவுச்சத்தோ சர்க்கரையோ, கிராமுக்கு 4 கலோரி. டைக்கிரியின் 15.7ஐ நாலால் பெருக்கினால் 63 கலோரி வருகிறது. மீதி 62க்கு ஆல்கஹால்தான் பொறுப்பு. அது கிராமுக்கு 7 கலோரி, சர்க்கரைக்கும் கொழுப்புக்கும் நடுவில். மாவு, புரதம், கொழுப்பு என்று மூன்று வரியோடு நிற்கும் அட்டவணையில் டைக்கிரியின் பாதிக் கலோரி கண்ணுக்கே படாது.

அப்புறம், யாரும் 100 கிராம் அளந்து சாப்பிடுவதில்லை. நடுத்தரக் கிழங்கு ஒன்று 173 கிராம், 161 கலோரி. டைக்கிரி கேன் சின்னதுதான், 207 கிராம். ஆனால் 259 கலோரி. பினா கொலாடா என்ற இன்னொரு ரம் காக்டெய்ல் என்றால் இன்னும் மோசம்: தேங்காய்ப் பால் சேர்வதால் 100 கிராமுக்கே 237.

எல்லாக் கேனும் இப்படி இல்லை. சர்க்கரை சேர்க்காத, சோடா கலந்த 355 மில்லி கேனில் 5 சதவீத ஆல்கஹால் என்றால் அதில் 14 கிராம் ஆல்கஹால், ஏறக்குறைய 98 கலோரி. வெறும் கலோரிப் போட்டியில் இது கிழங்கை ஜெயித்துவிடும். ஜெயித்து என்ன? வயிற்றில் நிற்க அதில் ஒன்றுமில்லை.

கிழங்கில் இருக்கிறது. அதே நடுத்தரக் கிழங்கில் பொட்டாசியம் 926 மில்லிகிராம், நார்ச்சத்து 4 கிராமுக்குச் சற்றுக் குறைவு, வைட்டமின் சி சுமார் 17 மில்லிகிராம். 1995இல் சிட்னிப் பல்கலைக்கழகத்தில் 38 உணவுகளை, ஒவ்வொன்றிலும் ஒரே அளவு கலோரி வருமாறு கொடுத்து, எது பசியை அதிகம் அடக்குகிறது என்று பார்த்தார்கள். வெள்ளை ரொட்டிக்கு 100 என்று வைத்தால் உருளைக்கிழங்குக்கு 323, முதலிடம். அது வேகவைத்த கிழங்கு, சுட்டதல்ல. இருந்தாலும் குணம் அவ்வளவாக மாறாது என்பது என் எண்ணம்.

கிழங்குக்கும் குறை உண்டு. சுட்ட கிழங்கு ரத்தச் சர்க்கரையைச் சட்டென்று ஏற்றும். சர்க்கரை நோயாளிகள் அளவு பார்த்துத்தான் சாப்பிட வேண்டும். சுடும்போது வைட்டமின் சி நிறையவே போய்விடுகிறது. சத்தெல்லாம் தோலில்தான் என்பதும் பாதி உண்மை: நார்ச்சத்துக்குத் தோல் உதவும், ஆனால் வைட்டமின் சி பெரும்பாலும் உள்ளே இருக்கும் சதையில்தான்.

இதெல்லாம் வெறும் கிழங்குக்கான கணக்கு. ஒரு மேசைக்கரண்டி வெண்ணெய் சுமார் 100 கலோரி. ஒரு கரண்டி வைத்தாலே டைக்கிரி கேனுக்குச் சமம், இரண்டு வைத்தால் 361. நான் கரண்டியெல்லாம் தேடுவதில்லை. சூடான கிழங்கைக் குறுக்கே கீறி, கத்தியில் வந்த வெண்ணெயை அப்படியே பிளவுக்குள் இறக்கிவிடுவேன்.