படகில் இருக்கிற தண்ணீர்க் கிண்ணம், மேலூர் டிராக்டரில்

டீசல் பில்டரை எத்தனை மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்றுவது என்று கேட்டால் ஆளுக்கொரு கணக்குச் சொல்வார்கள். வண்டிப் புத்தகம் ஒன்று சொல்லும், கடைக்காரர் ஒன்று சொல்வார், மெக்கானிக் வேறொன்று சொல்வார். என்னைக் கேட்டால், உங்கள் டீசல் எதில் வருகிறது என்றுதான் முதலில் கேட்பேன். பங்கில் நேராக டேங்கை நிரப்பிக்கொண்டு வருகிறவருக்கும், கேனில் வாங்கி மோட்டார் ரூமில் வைத்து வேண்டும்போது ஊற்றுகிறவருக்கும் ஒரே பில்டர் ஒரே காலம் உழைக்காது. மேலூர்ப் பக்கம் எங்கள் ஊரில் முக்கால்வாசிப் பேர் இரண்டாவது வகை. நானும் அதில்தான்.

வண்டி பழசு. மூன்று சிலிண்டர், இன்லைன் பம்ப் (சிலிண்டருக்கு ஒரு பிளஞ்சர் என்று வரிசையாக வைத்த டீசல் பம்ப்), இரட்டைக் கிண்ண பில்டர். முதல் கிண்ணத்தில் துணி பில்டர், அடுத்ததில் பேப்பர் பில்டர். எங்களுடையது ஒருபோகப் பாசனம். பெரியாறு கால்வாயில் தண்ணீர் விட்டார்கள் என்றால் எல்லா வயலிலும் ஒரே நேரத்தில் தொழி உழவு, அதாவது தண்ணீர் கட்டிச் சேறடிக்கிற உழவு. ராத்திரி பகல் பார்க்காமல் ரொட்டவேட்டர் ஓடும். அது முடிந்தால் வண்டி பல நாள் சும்மா நிற்கும். ஓடும்போது கெடுவதைவிட, அரை டேங்க் டீசலோடு நிற்கும்போது கெடுவதுதான் அதிகம். இது பலருக்கு நம்பும்படியாக இருக்காது.

மண்டபத்தில் என் மச்சானுக்கு விசைப்படகில் பங்கு உண்டு. கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை. படகு கரையில் நிற்கிற அந்தச் சமயத்தில்தான் எஞ்சின் வேலையெல்லாம் பார்ப்பார்கள். அப்படி ஒரு தடைக்காலத்தில் போயிருந்தபோது, டேங்குக்கும் எஞ்சினுக்கும் நடுவில், டீசலிலிருந்து தண்ணீரைப் பிரிக்க, அடியில் ஒளி ஊடுருவும் கிண்ணம் வைத்த பில்டர் ஒன்று, பக்கத்திலேயே அதே மாதிரி இன்னொன்று இருப்பதைப் பார்த்தேன். நடுவில் திருப்புகிற வால்வு. ஒன்று அடைத்தால் எஞ்சினை நிறுத்தாமல் அடுத்ததுக்கு மாற்றிவிட்டு, அடைத்ததைக் கழற்றலாம். எதற்கு ரெண்டு என்று கேட்டேன். “மாப்ள, உங்க வண்டி நின்னா இறங்கித் தள்ளலாம். எங்களுக்கு இறங்க இடமேது?” என்றார்.

படகில் பில்டர் எப்போது அடைக்கும் தெரியுமா? அமைதியான கடலில் இல்லை. அலை தூக்கிப் போடும்போது டேங்கின் அடியில் படிந்த கசடும் தண்ணீரும் கலங்கிக் குழாயில் ஏறும். வரப்பு ஏறி இறங்குகிற டிராக்டர் டேங்கிலும் அதேதான் நடக்கிறது. மேட்டில் நிற்கும்போது நன்றாக ஓடுகிற வண்டி, தொழியில் இறங்கிக் குலுங்கியதும் மூச்சு வாங்குவது இதனால்தான். அதைக் கேட்ட பிறகுதான் அதே மாதிரி தண்ணீர்க் கிண்ண பில்டர் ஒன்றை மட்டும் வாங்கி என் வண்டியில் பொருத்தினேன். சில வருஷமாக ஓடுகிறது.

அதற்குள் பெரிய ரகசியம் ஒன்றும் இல்லை. டீசல் தண்ணீரைவிட லேசானது, அடர்த்தி 0.82, 0.84 என்ற அளவில் இருக்கும். கிண்ணத்துக்குள் வந்து சுழன்று வேகம் குறையும்போது தண்ணீர்த் துளி அடியில் இறங்கிவிடும், டீசல் மட்டும் மேலே இருக்கிற பேப்பர் வழியாகப் போகும். அந்தப் பேப்பர் 2, 10, 30 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) என்று மூன்று வகையில் கிடைக்கிறது. ராக்கர் கம்பெனி பில்டரில் 2 பழுப்பு நிறம், 10 நீலம், 30 சிவப்பு. நல்லா வடிகட்டட்டுமே என்று 2 மைக்ரானை வாங்கி முன்னால் போடாதீர்கள். இது பீட் பம்ப், அதாவது டேங்கிலிருந்து டீசலை இழுத்துத் தருகிற சின்ன பம்ப், டீசலை உறிஞ்சுகிற பக்கம். நைசான பேப்பர் போட்டால் சீக்கிரம் அடைத்து, பம்ப் இழுக்கத் திணறும். முன்னால் 30 போதும். நைசான வேலையை எஞ்சினில் இருக்கிற பேப்பர் பில்டர் பார்த்துக்கொள்ளும்.

பொருத்திய புதிதில் ஒரு தொல்லை வந்தது. காலையில் ஸ்டார்ட் ஆகும், கொஞ்ச நேரம் ஓடும், அணைந்துவிடும். மறுபடி பீட் பம்பில் இருக்கிற கை பம்பை அடித்தால் ஓடும். எங்கேயும் ஒரு சொட்டு ஒழுகல் கிடையாது. உறிஞ்சுகிற பக்கத்தில் ஜாயிண்ட் லூஸாக இருந்தால் வண்டி ஓடும்போது டீசல் வெளியே வராது, காற்று உள்ளே போகும். அதனால் கண்ணுக்குத் தெரியாது. கிண்ணத்துக்கும் பீட் பம்புக்கும் நடுவில் ஒரு முழம் ஒளி ஊடுருவும் டியூப் போட்டுப் பார்த்ததில் குமிழி வரிசையாக ஓடியது. பொருத்திக் கொடுத்தவர் மாட்டிய கிளிப் டியூபைக் கடித்து வெட்டியிருந்தது. நல்ல கிளிப் போட்டதும் சரியாகிவிட்டது. புதுசாக ஒரு ஜாயிண்ட் சேர்த்தால் காற்றுக்குப் புதுசாக ஒரு வாசல் திறக்கிறோம். இந்தக் கிண்ணத்தில் நான் சொல்லும் முதல் குறை அதுதான்.

பலன் என்னவென்று கேட்டால், டீசல் எங்கே கெடுகிறது என்று கண்ணால் பார்த்துவிட்டேன். டேங்க் மூடியைச் சுற்றித் தண்ணீர் பீய்ச்சி வண்டி கழுவினால் மறுநாள் கிண்ணத்தின் அடியில் தண்ணீர் ஒரு கோடாக நிற்கும். ஐப்பசி மழையில் மூடி போடாமல் வைத்த கேனிலிருந்து ஊற்றினால் அதைவிடப் பெரிய கோடு. ராத்திரிக் குளிரில் டேங்க் வேர்த்துத் தண்ணீர் சேரும் என்று புத்தகங்களில் எழுதியிருக்கும். சேரத்தான் செய்கிறது, ஆனால் நம்ம ஊர் வெயிலுக்கு, கேனும் கழுவுற தண்ணியும் பண்ணுகிற வேலையில் அது கால்வாசிகூட இருக்காது என்பது என் எண்ணம். இருந்தாலும் வேலை முடிந்த சாயங்காலமே டேங்கை நிரப்பி நிறுத்துவதை விடவில்லை. காசு ஒன்றும் கூடவில்லையே.

நீண்ட நாள் நின்ற வண்டியில் கறுப்பாக வழவழவென்று ஒன்று வரும். பாசி என்பார்கள். அது டீசலும் தண்ணீரும் சந்திக்கிற இடத்தில் வளருகிற நுண்ணுயிர். தண்ணீர் இல்லாவிட்டால் அதற்கு வாழ்வில்லை, அதனால் மருந்து தேடுவதற்கு முன் தண்ணீரை வடியுங்கள். துத்தநாகம் பூசிய டிரம்மில் டீசல் வைக்காதீர்கள். துத்தநாகம் டீசலோடு சேர்ந்து கசடு உண்டாக்கும்.

இனி எஞ்சினில் இருக்கிற இரட்டைக் கிண்ண பில்டரை மாற்றுகிற வேலை. இதைத்தான் அவசரமாகச் செய்து கெடுக்கிறார்கள்.

கழற்றுவதற்கு முன்னால் பில்டர் ஹெட்டையும் சுற்றுப்புறத்தையும் பிரஷ்ஷில் டீசல் தொட்டுக் கழுவுங்கள். தொழியிலிருந்து வந்த வண்டியில் காய்ந்த சேறு ஒட்டியிருக்கும். போல்ட்டை அசைத்த உடனே அது கிண்ணத்துக்குள்தான் உதிரும். டீசல் பம்பில் மேலும் கீழும் போகிற பிளஞ்சருக்கும் அதைச் சுற்றியிருக்கிற பேரலுக்கும் இடைவெளி சில மைக்ரான்தான். தலைமுடியின் தடிமனே 70 மைக்ரான் வரும். டேங்க் வால்வை மூடிவிட்டு நடு போல்ட்டைத் தளர்த்திக் கிண்ணத்தை இறக்கினால் அடியில் காப்பித்தூள் போலக் கசடு தங்கியிருக்கும். கிண்ணத்தை டீசலில் அலசுங்கள். வேஸ்ட் துணியால் உள்ளே துடைக்காதீர்கள், நூல் ஒட்டிக்கொள்ளும்.

அடுத்து ரப்பர் வளையம். பழையது ஹெட்டின் பள்ளத்தில் கறுப்பாக ஒட்டிக்கொண்டு, இருப்பதே தெரியாது. விரல் நகத்தை வைத்து ஒரு சுற்று தடவினால் அகப்படும். அதை எடுக்காமல் மேலேயே புதுசைப் போட்டு இறுக்கினால் இரண்டு வளையம் சேர்ந்து ஒரு பக்கம் பிதுங்கும், அங்கே ஒழுகும். மழுங்கின முனையால் நெம்பி எடுங்கள், ஹெட்டில் கீறல் விழக் கூடாது. புது வளையத்துக்கு டீசல் தடவிப் போட்டு, போல்ட்டைப் பதமாக இறுக்கினால் போதும். ஒழுகுகிறதே என்று பலத்தைக் காட்டினால் அலுமினிய ஹெட்டின் மரை போய்விடும். போல்ட்டுக்கு அடியில் இருக்கிற காப்பர் வாஷரையும் மாற்றிவிடுங்கள்.

அடுத்து ஏர் எடுக்க வேண்டும், அதாவது உள்ளே புகுந்த காற்றை வெளியேற்ற வேண்டும். அப்போது டேங்க் வால்வைத் திறந்து, பில்டர் மேலே இருக்கிற ஏர் ஸ்க்ரூவைத் தளர்த்திக் கை பம்பை அடிக்கவும். முதலில் நுரை வரும், பிறகு குமிழியோடு டீசல், அதற்கப்புறம் குமிழி இல்லாத டீசல். அடித்துக்கொண்டே ஸ்க்ரூவை மூட வேண்டும். கையை எடுத்துவிட்டு மூடினால் கடைசிக் குமிழி உள்ளேயே தங்கிவிடும். பிறகு இதே மாதிரி டீசல் பம்பின் ஸ்க்ரூவிலும். இரண்டு இடத்திலும் ஒழுங்காக எடுத்தால் பெரும்பாலும் எஞ்சினுக்குள் டீசலைத் தெளிக்கிற நாசிலின் நட்டைத் தொட வேண்டிய வேலையே வராது.

துணி, பேப்பர் இரண்டையும் ஒன்றாகத் தூக்கிப்போடத் தேவையில்லை. முன்னால் நிற்கிற துணிதான் முதலில் அழுக்காகும். தண்ணீர்க் கிண்ணம் போட்ட பிறகு அதுவே கூடுதல் நாள் தாங்குகிறது. வண்டி லோடில் இழுக்காமல் போனால் உடனே பில்டரைக் குறை சொல்லவும் வேண்டாம். புகையைப் பாருங்கள். கரும்புகை கக்கிக்கொண்டு திணறினால் ஏர் கிளீனரைக் கழற்றிப் பாருங்கள். புகையே இல்லாமல் சத்தம் இறங்கினால்தான் டீசல் வரத்தில் குறை.

பி.எஸ். 6 என்கிற புகைக் கட்டுப்பாட்டு விதிக்காக வந்த டீசல் பழைய பம்பைத் தின்றுவிடும் என்று டீக்கடையில் ஒரு பேச்சு உண்டு. 2020 ஏப்ரலிலிருந்து கந்தகம் 10 பி.பி.எம். (பத்து லட்சத்தில் பத்துப் பங்கு) அளவுக்குக் குறைந்தது உண்மை. அதனால் குறைகிற வழவழப்புக்குச் சுத்திகரிப்பு ஆலையிலேயே மருந்து சேர்க்கிறார்கள். பம்பைத் தின்பது பெரும்பாலும் தண்ணீர்தான்.

வேறு குறைகள்: பிளாஸ்டிக் கிண்ணம் வெயிலில் மஞ்சளாகிவிட்டது, இப்போது டார்ச் அடித்துத்தான் கோட்டைப் பார்க்கிறேன். எஞ்சின் ரூமில் தீப்பிடித்தாலும் தாங்கட்டும் என்று படகு மாடலில் கிண்ணத்துக்கு அடியில் உலோகக் கவசம் இருக்கும். நமக்கு அது கல் அடியிலிருந்து காப்பாற்றும், கிடைத்தால் வாங்கலாம். பேப்பர் எல்லாக் கடையிலும் கிடைப்பதில்லை. மதுரைக்குப் போகும்போது ஒன்று கூடுதலாக வாங்கி வைத்துக்கொள்கிறேன். போலிகளும் வருகின்றன. மடிப்புகள் தளர்ந்து, நுனியில் பசை விட்டுப்போயிருந்தால் விலை எவ்வளவு குறைவானாலும் வேண்டாம். பில்டர் செட் சில நூறு ரூபாய், பம்பும் நாசிலும் சர்வீஸுக்குப் போனால் பல ஆயிரம்.

டேங்க் மேலே இருந்து டீசல் தானாக இறங்குகிற ஒற்றை சிலிண்டர் பம்ப்செட்டுக்கு இந்தச் செலவு வேண்டாம். டேங்கின் அடியில் வடிகால் திருகு இருந்தால் வாரம் ஒருமுறை கொஞ்சம் வடித்துப் பாருங்கள், போதும். புதிதாக 50 குதிரைத்திறனுக்கு மேல் டிராக்டர் எடுத்தவர்கள் கவனிக்கவும்: 2023 ஜனவரியிலிருந்து வருகிற அந்த வண்டிகளில் பெரும்பாலும் காமன் ரெயில்தான், அதாவது எல்லா நாசிலுக்கும் ஒரே உயரழுத்தக் குழாயிலிருந்து டீசல் போகிற முறை. அதில் அழுத்தம் ஆயிரம் பாருக்கு மேல். நட்டைத் தளர்த்தி ஏர் எடுக்கிற பழைய பழக்கத்தை அங்கே காட்டினால் பீய்ச்சுகிற டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும். அந்த வண்டிக்குக் கம்பெனி வைத்திருக்கிற தண்ணீர் பிரிக்கிற பில்டரை அடியில் திறந்து வடிப்பதோடு நிறுத்திக்கொண்டு, மற்றதை சர்வீஸ்காரரிடம் விட்டுவிடுங்கள்.