மவுத் பெயிண்ட்: பத்து நாள் போட்டுப் பார்த்தேன்

வாய்க்குள் வெள்ளையாகப் படர்ந்த பூஞ்சைக்குத் தடவ வாங்கியது க்ளோட்ரிமசோல் 1% மவுத் பெயிண்ட், சின்ன பாட்டில். எந்தக் கம்பெனி என்று கேட்காதீர்கள், நிறைய பேர் இதையே போடுகிறார்கள், மெடிக்கலில் எது கையில் வந்ததோ அதைக் கொடுத்தார்கள்.

முதலில் குறை. மூடி. அழுத்தினால் ஒன்று சொட்டே வராது, இல்லையென்றால் ஒரேயடியாகக் கொட்டும். தூக்கக் கலக்கத்தில் தலையணை உறையில் கொட்டிய கறையைத் துவைக்கிறவர்தான் இந்த மருந்தைப் பற்றிக் கடுமையாக எழுத வேண்டும், அது எங்கள் வீட்டில் நான் இல்லை.

மருந்து நல்ல மருந்து. கெட்டியாக, தித்திப்பாக, கடைசியில் லேசாகக் கசந்து முடியும். நாக்கால் கன்னத்து உள்பக்கமெல்லாம் தடவிவிட்டு அரை மணி நேரம் தண்ணீர்கூடக் குடிக்கக்கூடாது என்றார் டாக்டர். மூன்றாம் நாள் எரிச்சல் அடங்கியது. ஐந்தாம் நாள் கன்னத்து வெள்ளை காணோம். நாக்கின் ஓரம் மட்டும் அடம்பிடித்து ஒன்பதாம் நாள்தான் போனது. வெள்ளை போனதும் நிறுத்திவிடாதே என்று சொல்லியிருந்ததால் பத்து நாளும் போட்டேன்.

சரி, எனக்கு ஏன் வந்தது? எனக்குச் சொரியாசிஸ். முழங்கை, தலை, முதுகு. மாத்திரை, களிம்பு எல்லாம் பார்த்துச் சலித்து, ஐ.எல்.-17 என்ற புரதத்தைத் தடுக்கும் ஊசிக்குப் போனேன் (எந்த ஊசி என்று இங்கே வேண்டாம்). தோல் அப்படி ஆறியது. கறுப்புச் சட்டை போட்டு எத்தனை வருஷம் ஆகியிருந்தது! மூன்றாம் மாதம் ரசம் வாயில் பட்டாலே எரிந்தது. நாக்கில் தயிர் ஒட்டினாற்போல் வெள்ளை, வழித்தால் அடியில் சிவப்பாகி ரத்தம் கசிந்தது. மெடிக்கலில் கேட்டேன், வைட்டமின் குறைவு என்று பி காம்ப்ளெக்ஸ் கொடுத்தார்கள். ஒரு வாரம் வீண். தோல் டாக்டர் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தவுடனே சொல்லிவிட்டார், கேண்டிடா என்று. ஈஸ்ட் வகைப் பூஞ்சை, நல்ல ஆரோக்கியமாக இருப்பவர்களிலும் நிறைய பேர் வாயில் சும்மா குடியிருப்பது.

சும்மா இருக்கும் வரை பிரச்சினை இல்லை. அது நூல் நூலாக நீண்டு சதைக்குள் இறங்கும்போதுதான் வம்பு. அந்த நூல்கள் கேண்டிடலைசின் என்ற நச்சை விட்டு வாயின் உள்தோல் செல்களைத் துளைக்கின்றன என்று 2016-ல் கண்டுபிடித்தார்கள். அடிபட்ட செல்கள் கூச்சல் போட, டி-செல்கள் என்ற எதிர்ப்பு வெள்ளணுக்களில் சில வகை ஐ.எல்.-17-ஐ விடுகின்றன. இந்த ஐ.எல்.-17 ஒரு பூஞ்சையைக்கூடத் தன் கையால் கொல்வதில்லை. அது தண்டோரா போடுகிற ஆள். அந்தச் சத்தம் கேட்டுத்தான் வாயின் உள்தோல் டிஃபென்சின் என்ற பூஞ்சைக்கொல்லிப் புரதத்தைச் சுரக்கிறது, நியூட்ரோஃபில் என்ற வெள்ளணுக்களையும் கூப்பிட்டு அனுப்புகிறது. என் தோலில் இதே தண்டோராக்காரன்தான் காரணமே இல்லாமல் ராத்திரி பகலாக அடித்துக்கொண்டிருந்தான். ஊசி அவன் கையைப் பிடித்தது. தோலில் நிம்மதி, வாயில் காவலுக்குக் கூப்பிட ஆளில்லை.

இது என் கற்பனை இல்லை. பிறவியிலேயே ஐ.எல்.-17-ஐ வாங்கிக்கொள்ளும் ஏற்பி இல்லாதவர்களுக்கும், ஐ.எல்.-17-ன் ஒரு வகையான ஐ.எல்.-17எஃப் பழுதானவர்களுக்கும் தோல், வாய், நகம் என்று கேண்டிடா விடாமல் தொல்லை கொடுப்பதை 2011-ல் எழுதினார்கள். ஊசிகளிலேயே வித்தியாசம் தெரிகிறது. 17ஏ என்ற இன்னொரு வகை, 17எஃப் இரண்டையும் தடுக்கும் பைமெகிசுமாப்பையும், 17ஏ-வை மட்டும் தடுக்கும் செக்குகினுமாப்பையும் நேருக்கு நேர் ஒப்பிட்ட சோதனை 2021-ல் வெளிவந்தது. வாயில் கேண்டிடா வந்தவர்கள் முதலாவதில் 19.3%, இரண்டாவதில் 3.0%. பெரும்பாலும் லேசானதுதான், ஊசியையே விடவேண்டிய அளவுக்கு இல்லை.

அதனால் மவுத் பெயிண்டிடம் எதை எதிர்பார்க்கலாம் என்பதில் தெளிவாக இருங்கள். பூஞ்சை தன் சவ்வுக்குத் தேவையான எர்கோஸ்டெராலைச் செய்யவிடாமல் தடுக்கும், அவ்வளவுதான் அதன் வேலை. நின்றுபோன தண்டோராவை அது திரும்ப அடிக்காது. எனக்கு நாலு மாதம் கழித்து மறுபடி வந்தது, பார்த்தவுடன் போட்டதால் சீக்கிரம் போனது. விழுங்கும்போது வலித்தால் இதை நம்பி உட்காராதீர்கள், தொண்டைக்குக் கீழே இறங்கியிருக்கலாம். அதற்கு ஃப்ளூகோனசோல் மாத்திரை தருவார்கள், ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் சாப்பிடுகிறவர்கள் அதை மறக்காமல் டாக்டரிடம் சொல்லவேண்டும். ஊசியை நாமாக நிறுத்துவதும் வேண்டாம்.

இன்னொன்று. அதே மெடிக்கலில் "எதிர்ப்புச் சக்தி கூடும் சார்" என்று ஒரு பவுடர் டப்பாவையும் நீட்டினார்கள். எனக்கு எதிர்ப்புச் சக்தி ஒட்டுமொத்தமாகக் குறைந்துவிடவில்லை ஐயா, ஒரே ஒரு தண்டோராவை, அதுவும் காசு கொடுத்து, நானே நிறுத்தி வைத்திருக்கிறேன். அதைப் பவுடர் கரைத்துக் குடித்து எப்படிச் சரிசெய்வது?

மருந்துக்கு 5-க்கு 4. மூடிக்கு 1, அதுவும் பாவம் பார்த்து. மறுபடி வாங்குவேனா என்றால், வாங்கியாகிவிட்டது. இந்த முறை கவுண்டரிலேயே மூடியைத் திருகிப் பார்த்துத்தான் காசைக் கொடுத்தேன்.