பட்டிக்கா, படலைக்கா? வன்னி வளவுக்கு ஏற்ற மேய்ப்பு நாய் எது

வன்னியில் மேய்ப்பு இன நாயொன்றை வளர்க்க எண்ணுகின்ற குடும்பத்தின் முன் பொதுவாக மூன்று தெரிவுகள் இருக்கின்றன. ஒன்று, நம்மவர்கள் அல்சேஷன் என்று அழைக்கும் ஜேர்மன் ஷெப்பேர்ட். இரண்டாவது, செம்மறிக் கூட்டத்தைப் பார்வையாலேயே திருப்புகின்ற காணொளிகளைக் கண்டு பலரும் ஆசைப்படுகின்ற போர்டர் கொலி. மூன்றாவது, வளர்த்தவர்கள் வெளிநாடு போவதாலோ வீடு மாறுவதாலோ கைமாறுகின்ற, வளர்ந்த அல்சேஷன் அல்லது அல்சேஷன் கலப்பு நாய். மேய்ப்பு இனம் எதிலும் சேராத நமது ஊர்நாயையும் இந்த ஒப்பீட்டில் சேர்த்துக்கொள்கிறேன்; ஏனெனில், மேய்ப்பு நாயிடம் நம் குடும்பங்கள் எதிர்பார்க்கின்ற வேலைகளில் முக்கியமான ஒன்றை அதுவே திறம்படச் செய்யும். அழகையும் உயரத்தையும் விலையையும் வைத்துத் தெரிவு செய்வதைவிட, அந்த நாய்க்கு நாளாந்தம் யார், எந்த நேரத்தில், என்ன வேலை கொடுக்கப் போகிறார் என்பதை வைத்துத் தெரிவு செய்வதே முறை என்பது என் உறுதியான கருத்து.

மேய்ப்பு என்பது பயிற்சியால் மட்டும் வருவதன்று. அது நாயின் உடம்போடு பிறந்த உந்துதல். ஓநாய் வேட்டையாடும்போது இரையைக் கண்ணால் குறிவைத்து, பதுங்கி நெருங்கி, துரத்தி, கடித்துப் பிடித்துக் கொல்கிறது. மேய்ப்பு இனங்களை உருவாக்கியவர்கள் இத்தொடரின் முற்பகுதியைக் கூர்மையாக்கியும், கடித்துக் கொல்கின்ற பிற்பகுதியை மழுங்கச் செய்தும், தலைமுறை தலைமுறையாக நாய்களைத் தெரிந்தெடுத்து இனம்பெருக்கினார்கள். ஆகவே, ஆடுமாடு இல்லாத வளவில் இந்த உந்துதல் அடங்கிவிடுவதில்லை. அது மோட்டார் சைக்கிளையும், ஓடி விளையாடும் பிள்ளைகளின் குதிக்காலையும், அயல்வீட்டுக் கோழிகளையும் தேடிப் போகிறது.

எல்லா மேய்ப்பு நாய்களும் ஒரே வகையில் மேய்ப்பதுமில்லை. போர்டர் கொலி, ஸ்கொட்லாந்துக்கும் இங்கிலாந்துக்கும் இடைப்பட்ட மலைப்பகுதிகளில், மேய்ப்பவரின் கைக்கு எட்டாத தொலைவில் சிதறி நிற்கும் செம்மறிகளை வளைத்து அவரிடம் கொண்டுவருவதற்காக உருவான நாய். 1893 இல் நோர்தம்பர்லாந்தில் பிறந்த ஓல்ட் ஹெம்ப் என்ற நாயே இவ்வினத்தின் மூதாதையாகக் கொள்ளப்படுகிறது. குரைக்காமல், உடலைத் தாழ்த்தி, கண்ணால் அடக்குகின்ற அதன் முறையையே பின்வந்தவர்கள் விரும்பிப் பெருக்கினார்கள். ஜேர்மன் ஷெப்பேர்டின் கதை வேறு. மக்ஸ் ஃபொன் ஸ்டெஃபனிட்ஸ் 1899 இல் ஹோரண்ட் என்ற நாயை முதலாவதாகப் பதிவு செய்து இவ்வினத்தைத் தொடக்கிவைத்தார். வேலியற்ற பயிர்நிலங்களுக்கு நடுவே ஒடுங்கிய புற்றரைகளில் மேய்கின்ற செம்மறிகள் பயிருக்குள் இறங்காதபடி, எல்லையோரமாக நாள் முழுவதும் மேலும் கீழும் நடந்து காப்பதே அதன் முன்னோரின் தொழில். கொலி மந்தையைக் கூட்டுகிறது. அல்சேஷன் நடமாடும் வேலியாக நிற்கிறது.

இந்த வேறுபாட்டை வன்னியின் போகங்களோடு வைத்துப் பார்க்க வேண்டும். காலபோக விதைப்புத் தொடங்கியதும் மாட்டுப்பட்டிகள் வயல்களை விட்டுத் தரவைகளுக்கும் காட்டோரங்களுக்கும் சாய்க்கப்படுகின்றன. மாடு ஒன்று வயலில் இறங்கினால் அது அயலவர்களுக்கிடையே பெரும் வழக்காகவே முடியும். பயிருக்கும் மந்தைக்கும் இடையே எல்லை காக்கின்ற அல்சேஷனின் மரபு, இரணைமடுவின் கீழோ வவுனிக்குளத்தின் கீழோ வயல் செய்கின்ற ஒருவருக்குத் தமக்கென்றே உருவாக்கப்பட்டதுபோலத் தோன்றக்கூடும். ஆயினும் அவ்வேலையைக் கற்பிப்பதற்கு, அதை அறிந்த மேய்ப்பவரும், அதற்குப் பழகிய மந்தையும், ஓராண்டுக்கு மேற்பட்ட பொறுமையும் வேண்டும். நமது மாடுகள் மேய்ப்பு நாய்க்குப் பழகியவை அல்ல. கன்றுத்தாய்ச்சிப் பசு நாயைக் கண்டதும் முட்டவே வரும். வெருண்ட ஆடுகள் கட்டில்லாத கிணற்றிலும் துரவிலும் விழக்கூடும். பத்துப் பதினைந்து ஆடுகளோ செம்மறிகளோ வைத்துக்கொண்டு, தாமே உடன் நடந்து மேய்க்கின்றவர்கள் மட்டுமே, நாயை நீண்ட கயிற்றில் பிடித்தபடி இதை மெல்ல மெல்லப் பழக்கலாம். பெரிய மாட்டுப்பட்டி வைத்திருப்பவர், அதற்காகவே இந்த நாய்களில் ஒன்றை வாங்குவதை நான் ஆதரிக்க மாட்டேன்.

வெப்பத்தைப் பொறுத்தவரை இரண்டு இனங்களும் வன்னிக்கு அந்நியமானவை. இரண்டுக்கும் இரட்டை உரோமம் உண்டு: வெளியே நீண்ட காவல் மயிர், உள்ளே அடர்ந்த மென்மயிர். நாய்க்கு வியர்வைச் சுரப்பிகள் பெரும்பாலும் பாதங்களிலேயே இருப்பதால், மூச்சிரைப்பதன் மூலமே அது உடற்சூட்டை வெளியேற்றுகிறது. அதன் இயல்பான உடல்வெப்பம் 38 முதல் 39 பாகை செல்சியஸ் வரை. அது 41 பாகையைத் தாண்டினால் உயிராபத்து. கச்சான் வீசுகின்ற மாதங்களில், பகல் வெப்பம் 33, 34 பாகையைத் தொடுகின்ற ஊரில், காலை ஏழு மணிக்குப் பின்பும் மாலை ஐந்தரைக்கு முன்பும் இந்த நாய்களை ஓடவிடக் கூடாது. இங்கேதான் கொலியின் நிலைமை அல்சேஷனின் நிலைமையைவிட மோசமானது. அல்சேஷன் களைத்தால் நிழலில் படுத்துவிடும்; கொலி வேலை இருக்கும்வரை தானாக நிற்பது அரிது. கடும் ஓட்டத்தின் பின் தள்ளாடி விழுகின்ற ஒரு கோளாறும் அவ்வினத்தில் நன்கு அறியப்பட்டது. வெயில் அதை மேலும் தூண்டும். வெக்கைக்குப் பரிகாரமாக உரோமத்தை ஒட்ட வழிப்பது தவறு. அந்த மயிர் வெயிலிலிருந்து தோலைக் காக்கிறது. வழித்த பின் அது பழையபடி வளராமலும் போகலாம். வாரம் இரண்டு மூன்று தடவை உதிர்மயிரை வாரி எடுப்பதும், ஈரமான மண்தரை, நிழல், நிறைந்த தண்ணீர்ச்சட்டி ஆகியவற்றைக் கொடுப்பதுமே போதுமானவை.

வீட்டுக் காவல் என்று வந்தால் அல்சேஷனுக்கு நிகரில்லை. ஆண் நாய் 30 முதல் 40 கிலோகிராம் வரை எடையும், தோளளவில் 60 முதல் 65 சென்ரிமீற்றர் வரை உயரமும் கொண்டது. படலையடியில் அது எழுந்து நின்றாலே போதும். குடும்பத்தவரோடு ஒட்டிக்கொள்ளும், ஒருவர் சொல்லைக் கேட்டு நடக்கும். ஆனால் அதன் உடம்புக்குள் பரம்பரையாக வருகின்ற குறைகள் சில இருக்கின்றன. இடுப்புமூட்டு சரியாகப் பொருந்தாமல் தேய்வது அவற்றுள் முதன்மையானது. முதுமையில் பின்னங்கால்கள் மெல்ல மெல்ல உணர்விழக்கின்ற நோயும் உண்டு. பின்பக்கம் தாழ்ந்து சரிந்து நிற்பதே உயர்ந்த சாதிக்கு அடையாளம் என்று சொல்லி விற்பவர்களை நம்ப வேண்டாம். தாய் தந்தையின் இடுப்பெலும்புப் படங்களைக் கேளுங்கள். அவை இல்லையென்றால், குறைந்தபட்சம் இரண்டையும் நேரில் நடக்கவிட்டுப் பாருங்கள். அதையும் காட்ட மறுக்கின்ற இடத்தில் குட்டி வாங்கக் கூடாது.

போர்டர் கொலியோ 14 முதல் 20 கிலோகிராம் வரையான சிறிய உடம்புக்குள் அளவுகடந்த அறிவை வைத்திருக்கின்ற நாய். அமெரிக்காவில் சேசர் என்ற பெண் கொலி ஆயிரத்துக்கு மேற்பட்ட பொருள்களின் பெயர்களைக் கற்றுக்கொண்டதை 2011 இல் வெளியான ஆய்வு பதிவு செய்தது. அந்த அறிவே அதை வளர்ப்பவர்மீது விழுகின்ற பொறுப்பு. நாளொன்றுக்கு இரண்டு மணித்தியாலமாவது உடம்புக்கும் மூளைக்கும் வேலை கொடுக்காவிட்டால், அது நிழலைத் துரத்தத் தொடங்கும், சுவரில் விழும் வெளிச்சத்தை நாள் முழுதும் வெறித்துப் பார்க்கும், வேலியோரமாக ஓடியோடி மண்ணில் தடம் பதிக்கும். இதை விளையாட்டென்று எண்ணிச் சிரிப்பவர்கள் உண்டு. அது துன்பத்தின் வெளிப்பாடு. கணவனும் மனைவியும் வேலைக்கும் பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்கும் போய்விடுகின்ற வீட்டில், பகல் முழுவதும் சங்கிலியில் கட்டிவைப்பதற்காகக் கொலியைக் கொண்டுவருவது கொடுமை. சங்கிலி அல்சேஷனுக்கும் ஆகாது. அது முரட்டுத்தனத்தை வளர்க்கும். ஆனால் கொலியின் மனத்தை அது அழித்துவிடும்.

ஆடுமாடு வளர்க்கின்ற வீடுகள் மிகக் கவனமாக இருக்க வேண்டிய ஒரு விடயம் இருக்கிறது. கால்நடைகளின் ஒட்டுண்ணிகளுக்குப் போடுகின்ற ஐவர்மெக்டின் மருந்து, சில மேய்ப்பு இன நாய்களுக்கு நஞ்சாகிவிடும். மூளைக்குள் இத்தகைய மருந்துகள் புகாமல் தடுக்கின்ற மரபணுவில் உள்ள குறையே இதற்குக் காரணமென்று 2001 இல் வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள். நீண்ட உரோமமுடைய ரஃப் கொலிகளில் ஏறத்தாழ 70 சதவீதமும், அவுஸ்திரேலிய ஷெப்பேர்டுகளில் 50 சதவீதமும், ஜேர்மன் ஷெப்பேர்டுகளில் 10 சதவீதமும் இந்தக் குறையைக் கொண்டிருக்கின்றன. போர்டர் கொலிகளில் 5 சதவீதத்துக்கும் குறைவு. ஆட்டுக்கு வாங்கிய போத்தலில் மிச்சமிருப்பதை நாயின் உண்ணிக்கோ சொறிக்கோ போடுகின்ற பழக்கத்தை இந்த இனங்களிலும் இவற்றின் கலப்புகளிலும் அறவே கைவிட வேண்டும். எச்சில் வடிதல், தள்ளாட்டம், பார்வை மங்குதல், மயக்கம் என்று அது போகும். மருந்து ஏற்றிய ஆடுகளின் சாணத்தை நாய் தின்னாமலும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

உண்ணிக் காய்ச்சல் எல்லா நாய்களையும் பிடிக்கும். ஆனால் அடர்ந்த உரோமத்துக்குள் உண்ணி மறைந்திருப்பதால், இந்த இனங்களில் அது பிந்தியே தெரியவரும். சாப்பிட மறுத்தல், முரசு வெளிறுதல், சிறுநீர் கடுமையாக நிறம் மாறுதல் ஆகியவற்றைக் கண்டால் மறுநாளுக்கு ஒத்திவைக்காமல் மிருக வைத்தியரிடம் கொண்டுபோக வேண்டும். வைத்தியர் எவ்வளவு தூரத்தில் இருக்கிறார் என்பதும் நாயைத் தெரிவு செய்யும்போது எண்ணிப் பார்க்க வேண்டியதே. நெடுங்கேணிக்கு அப்பாலோ துணுக்காயின் உட்கிராமத்திலோ வாழ்பவர், 35 கிலோ நாயை மழைநாளில் மோட்டார் சைக்கிளில் ஏற்ற முடியாது. சோறும் குளத்து மீனும் பெரிய நாய்க்கும் நல்ல உணவே. வெங்காயமும் உள்ளியும் போட்ட கறி மட்டும் கூடாது.

ஆட்டுக்கொட்டிலைக் காப்பதே நோக்கமென்றால், நான் ஊர்நாயின் பக்கமே நிற்பேன். மேய்ப்பதும் காப்பதும் வெவ்வேறு தொழில்கள். மேய்ப்பு நாயை இரவில் ஆடுகளோடு தனியே விட்டால், அவற்றை ஓயவிடாமல் அலைக்கழிக்கும். காவல் நாய்க்கோ துரத்துகின்ற ஆசை குறைவாகவும், ஆடுகளைத் தன் கூட்டமாக எண்ணுகின்ற பழக்கம் ஆழமாகவும் இருக்க வேண்டும். அமெரிக்காவின் நவாஹோ மக்கள், இனப்பெயர் எதுவுமற்ற கலப்பு நாய்களையே குட்டிப் பருவத்திலிருந்து செம்மறிப் பட்டியில் வைத்து வளர்த்து, கொயோட்டி என்ற ஓநாய் போன்ற காட்டு விலங்குகளிடமிருந்து மந்தையைக் காக்கின்றார்கள். ஏறத்தாழ எட்டுக் கிழமை வயதான ஊர்க்குட்டியை ஆட்டுக்குட்டிகளோடு ஒரே கொட்டிலில் உறங்கவிட்டு, அங்கேயே சாப்பாடு வைத்து, ஆட்டைத் துரத்தினால் உடனே தடுத்து வளர்த்தால், அது நரியையும் கட்டாக்காலி நாய்களையும் அண்டவிடாது. வெக்கை அதற்குப் பழகியது. சில நாள் தனித்திருந்தாலும் மனம் பேதலிக்காது. ஆனால் சிறுத்தை நடமாடுகின்ற காட்டோரத்தில் எந்த நாயையும் இரவில் வெளியே விடக் கூடாது. சிறுத்தை நாயையும் இரையாகவே கொள்ளும்.

பெல்ஜிய மேய்ப்பு இனமான மாலினோவாவை வாங்கலாமா என்று கேட்பவர்களுக்கு ஒரு வரியே போதும்: அது இராணுவமும் பொலிசும் நாள் முழுவதும் வேலை வாங்குகின்ற நாய், குடும்பத்துக்கு அது வேண்டாம்.

இனி, குட்டியா வளர்ந்த நாயா என்பது. வன்னி வீட்டுக்கு, இரண்டு வயதைக் கடந்த அல்சேஷன் கலப்பு நாயைத் தத்தெடுப்பதே பெரும்பாலும் சிறந்தது என்பேன். குட்டியில் தெரியாத இடுப்பு, குணம், பிள்ளைகளோடு பழகும் விதம், கோழியைக் கண்டால் செய்யும் வேலை ஆகிய எல்லாம் வளர்ந்த நாயில் கண்முன்னே தெரியும். கலப்பினால் பரம்பரைக் குறைகள் அற்றுப்போய்விடும் என்று சொல்ல முடியாது. ஆனால் உடம்பு சற்று இலேசாகவும் உரோமம் சற்றுக் குறைவாகவும் இருந்தால், வெயிலைத் தாங்குவது எளிதாகும். பழைய வீட்டை நினைத்து அது முதற்சில நாள்கள் சாப்பிடாமலும் இருக்கலாம், படலையைப் பார்த்தபடியும் படுத்திருக்கலாம். அப்போது அதை வற்புறுத்தாமல், ஒருவரே சாப்பாடு வைத்து, ஒரே நேரத்தில் நடத்திச் சென்றுவந்தால், ஓரிரு மாதத்தில் வீட்டோடு ஒன்றிவிடும்.

நாயைப் பொறுப்பேற்குமுன், அதன் பழைய வளவிலேயே இரண்டு தடவையாவது போய்ப் பார்க்க வேண்டும். கயிற்றில் பிடித்து, கட்டியிருக்கும் ஆடொன்றைக் கடந்து நடத்துங்கள். நாய் பார்த்துவிட்டு, அழைத்ததும் திரும்பினால் நல்லது. உடம்பு விறைத்து, கண்ணெடுக்காமல் நின்றால், ஆடு வளர்க்கும் வீட்டுக்கு அது ஏற்றதன்று. சாப்பாட்டுச் சட்டிக்கு அருகே பழைய உரிமையாளரை நிற்கச் சொல்லி, உறுமுகிறதா என்று கவனியுங்கள். தடுப்பூசி அட்டையைக் கேட்டு வாங்குங்கள். அட்டை இல்லையென்றால் விசர்நாய்த் தடுப்பூசியை முதல் வாரத்திலேயே போட்டு, பின்னர் ஆண்டுதோறும் தொடர வேண்டும். கருத்தடை செய்யப்படாத நாயாயின், அதைச் செய்துகொள்ளும் நாளை வைத்தியரிடம் முதற் சந்திப்பிலேயே குறித்துக்கொள்ளுங்கள். அதன் பின்னர் பிரதேச சபையில் உங்கள் பெயரில் பதிவு செய்யுங்கள்.