முல்வாட் விபிஎன்: எதை மறைக்கிறது, எதை மறைப்பதில்லை

முல்வாட் என்பது நமது இணையப் போக்குவரத்தைக் குறியாக்கம் செய்து, தன் சர்வர் வழியாக அனுப்பும் விபிஎன் சேவை. ஸ்வீடனிலிருந்து 2009 முதல் இயங்கிவரும் இதில் சேர, பெயரோ மின்னஞ்சலோ கைபேசி எண்ணோ தேவையில்லை. கணக்கு தொடங்கும் பொத்தானை அழுத்தியதும் 16 இலக்க எண் ஒன்று திரையில் தோன்றுகிறது. அந்த எண்தான் கணக்கு, தனியாகக் கடவுச்சொல் கிடையாது. கட்டணம் மாதம் 5 யூரோ. ரொக்கத்தை உறையிலிட்டு அஞ்சலில் அனுப்பியும் செலுத்தலாம்.

பயனர்கள் இணையத்தில் என்ன செய்கிறார்கள் என்ற பதிவுகளைச் சேமிப்பதில்லை என்று ஏறக்குறைய எல்லா விபிஎன் நிறுவனங்களும் விளம்பரம் செய்கின்றன. ஆனால் அதைச் சரிபார்க்கும் வழி வாடிக்கையாளரிடம் இல்லை. அதனால்தான், 2023 ஏப்ரலில் முல்வாட்டின் கோதன்பர்க் அலுவலகத்துக்குச் சோதனை ஆணையுடன் வந்த ஸ்வீடன் காவல்துறையினர், தேடிய வாடிக்கையாளர் தரவு அங்கே இல்லாததால் வெறுங்கையுடன் திரும்பிய நிகழ்வை, எந்த விளம்பரத்தையும்விட வலுவான சான்றாகக் கருதுகிறேன். இச்சேவையைத் தயங்காமல் பரிந்துரைப்பதற்கும் அதுவே காரணம்.

ஆயினும், இது நமது ஐபி முகவரியை (இணையத்தில் நம் இணைப்பை அடையாளம் காட்டும் எண்) இணையதளங்களிடமிருந்தும், நாம் பார்க்கும் தளங்களை இணைய இணைப்பு வழங்குபவரிடமிருந்தும் மறைக்குமே தவிர, கூகுள் கணக்கில் நுழைந்தபடியே தேடுபவரைக் கூகுளிடமிருந்து மறைக்காது. தளங்கள் நம் உலாவியில் சேமித்துவைக்கும் குக்கிகள் என்னும் சிறு தரவுகளும், உலாவியின் எழுத்துரு, திரை அளவு போன்ற விவரங்களும் எந்த விபிஎன் வழியாகச் சென்றாலும் ஆளை அடையாளம் காட்டக்கூடியவை.