100-400 மி.மீ.யா, 200-600 மி.மீ.யா: இயற்கைப் படங்களுக்கு இரண்டு சோனி ஜூம் லென்ஸ்கள்

சோனி ஈ-மவுன்ட் (லென்ஸை மாற்றிப் பொருத்தும் இணைப்பு வகை) கேமராவில் இயற்கைப் படங்கள் எடுக்க விரும்புவோர் பலர், 2017-இல் வெளிவந்த எஃப்இ 100-400 மி.மீ. எஃப்/4.5-5.6 ஜிஎம் லென்ஸுக்கும் 2019-இல் வெளிவந்த எஃப்இ 200-600 மி.மீ. எஃப்/5.6-6.3 ஜி லென்ஸுக்கும் இடையே முடிவெடுக்க வேண்டியிருக்கிறது. முதலாவது உயர்தர ஜி மாஸ்டர் வரிசையைச் சேர்ந்தது என்பதாலேயே அது மேலானது என்று தீர்மானித்துவிட முடியாது. எதை, எவ்வளவு தொலைவில் நின்று படமெடுக்கிறோம் என்பதை முதலில் பார்க்க வேண்டும்.

சிறு பறவைகளை எடுத்துக்கொள்வோம். மி.மீ.இல் சொல்லப்படும் குவியத் தூரம் கூடக் கூட, தொலைவில் உள்ளது பெரிதாகத் தெரியும். 400 மி.மீ.இல் எடுத்த படத்தை 600 மி.மீ. காட்டும் அளவுக்கு வெட்டினால் பரப்பளவு 2.25 மடங்கு சுருங்கும்; 24 மெகாபிக்சல் படத்தில் ஏறத்தாழ 10.7 மெகாபிக்சலே மிஞ்சும். எஃப் எண் கூடினால் ஒளி வரும் துளை சிறுக்கும் என்பதால், எஃப்/6.3 என்ற எண்ணைக் கண்டு, ஒளி போதாது என்று 200-600-ஐ ஒதுக்குவோர் உண்டு. அந்தத் தயக்கத்தில் பாதிதான் நியாயம். குவியத் தூரத்தை எஃப் எண்ணால் வகுத்தால் ஒளி நுழையும் துளையின் விட்டம் கிடைக்கும்: 400 மி.மீ. எஃப்/5.6-இல் அது சுமார் 71 மி.மீ., 600 மி.மீ. எஃப்/6.3-இல் சுமார் 95 மி.மீ. ஆகவே ஒரே இடத்தில் நின்று, ஒரே பறவையை, ஒரே ஷட்டர் வேகத்தில் எடுக்கும்போது, அந்தப் பறவையிடமிருந்து வரும் ஒளியைப் பெரிய லென்ஸ் ஏறத்தாழ 1.8 மடங்கு கூடுதலாகத் திரட்டுகிறது. ஐஎஸ்ஓ (கேமராவின் ஒளியுணர்திறன் அளவு) சற்று உயர்ந்தாலும், இரண்டு படங்களிலும் பறவையை ஒரே அளவில் வைத்துப் பார்த்தால் 600 மி.மீ. படத்தில்தான் இரைச்சல் (படத்தில் தெரியும் புள்ளிப்புள்ளியான கறை) குறைவாக இருக்கும்.

100-400-உடன் 1.4 மடங்கு டெலிகன்வர்ட்டரை (குவியத் தூரத்தைக் கூட்டும் துணை லென்ஸ்) சேர்த்தால் 560 மி.மீ. எட்டலாமே என்று கேட்கலாம். எட்டலாம், ஆனால் எஃப் எண் 8 ஆகிவிடும், துளையின் விட்டமோ பெரிதாகாது. அவசரத்துக்கு அது உதவும், அன்றாடப் பறவைப் படத்துக்கு ஏற்றதன்று. (வெயிலில் தகிக்கும் தரையின் மேல் காற்று அலையும்போது எந்தக் குவியத் தூரமும் தெளிவைத் தராது; அப்போது பறவைக்கு அருகில் செல்வதோ, குளிர்ந்த வேளைக்குக் காத்திருப்பதோதான் வழி.)

பட்டாம்பூச்சி, தும்பி என்று வந்தால் நிலைமை தலைகீழாகிறது. 100-400 லென்ஸ் 0.98 மீட்டர் வரை நெருங்கிக் குவிந்து 0.35 மடங்கு உருப்பெருக்கம் (பொருளின் அளவோடு ஒப்பிட்டால் கேமரா சென்சாரில் விழும் உருவத்தின் அளவு) தருகிறது. 200-600-க்குக் குறைந்தது 2.4 மீட்டர் தேவை, உருப்பெருக்கமும் 0.20 மடங்குதான். பெரிய விலங்கு எதிர்பாராமல் அருகில் வந்து நின்றாலும், அதை அதன் வாழிடத்தோடு சேர்த்துக் காட்ட நினைத்தாலும், 200 மி.மீ.இல் தொடங்கும் ஜூம் கையைக் கட்டிவிடும்.

எடையும் சிறிய விஷயமன்று. முக்காலி வளையத்தை நீக்கிப் பார்த்தால் முன்னது 1395 கிராம், பின்னது 2115 கிராம். மலையேறி நடப்பவரின் தோள் இந்த வேறுபாட்டை நன்றாக உணரும். ஆனால் 200-600-இன் ஜூம் உள்ளேயே நகர்வதால் அதன் நீளம் மாறுவதில்லை. மோனோபாடில் (ஒற்றைக்கால் தாங்கி) பொருத்திப் பறக்கும் பறவையைத் தொடரும்போது சமநிலை பெரிதாகக் குலையாது. 100-400 ஜூம் செய்யச் செய்ய நீள்கிறது, ஆனால் சுருக்கினால் சிறிய பையிலும் அடங்கிவிடும்.

பறவைகளே முதன்மை என்றால் நான் தயங்காமல் 200-600-ஐப் பரிந்துரைப்பேன். பூச்சி, விலங்கு, நிலக்காட்சி என எல்லாவற்றையும் நடந்தபடியே எடுப்பவருக்கு 100-400 பொருந்தும். அவர் தொலைதூரப் பறவைகளில் சிலவற்றை விட்டுக்கொடுக்க ஆயத்தமாக இருக்க வேண்டும்.